வேட்டுவர் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்)

வேட்டுவர் என்பது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எனும் இணையவழிப் பல்பயனர் பாத்திர விளையாட்டில் உள்ள பாத்திர வகுப்புகளுள் ஒன்றாகும். ஆங்கிலத்தில் இது ஹன்டர் எனப்படுகிறது. வில், குறுக்குவில், துப்பாக்கி ஆகியவற்றால் தொலைவிலிருந்து தாக்குவதும், காட்டு விலங்கு ஒன்றைப் பழக்கித் தன்னுடன் போரிடச் செய்வதும் இவ்வகுப்பின் சிறப்பியல்புகள் ஆகும். பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2004, நவம்பர் 23 அன்று இவ்விளையாட்டை வட அமெரிக்காவில் வெளியிட்டபோது இருந்த ஒன்பது வகுப்புகளில் வேட்டுவரும் ஒன்று. தொடக்கத்தில் குள்ளர், நைட் எல்ஃப், ஓர்க், ட்ரோல், டாரன் ஆகிய இனத்தவர் மட்டுமே வேட்டுவராக முடிந்தது.

தனியாக விளையாடி நிலை உயர்த்துவதற்கு மிக எளிய வகுப்பு எனப் பெயர்பெற்றது இதுவே. குழுவில் சேர்ந்து ஆடும்போது அதிகம் திட்டு வாங்கியதும் இதுவே. இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றுதான்: விலங்கு. இக்கட்டுரை பெரும்பாலும் 60 ஆம் நிலையை உச்சமாகக் கொண்டிருந்த முதற்பதிப்பையும், அதனைப் பின்பற்றி 2019 ஆகஸ்டில் வெளியான கிளாசிக் பதிப்பையும் அடிப்படையாகக் கொண்டது. பிற்கால மாற்றங்கள் இறுதியில் தரப்பட்டுள்ளன.

துணையுடன் போரிடும் வகுப்புகள்

இவ்வகை விளையாட்டுகளில் போர் மூன்று பணிகளாகப் பிரிகிறது. ஒருவர் எதிரியின் அடிகளைத் தாங்குவார். ஒருவர் எதிரியைத் தாக்கி வீழ்த்துவார். ஒருவர் காயங்களை ஆற்றுவார். தனியாக ஆடுபவருக்கு இம்மூன்றும் ஒருவரிடமே வந்து சேர்கின்றன. துணை ஒன்றை அழைக்கும் வகுப்புகள் இச்சிக்கலுக்கு விடையாக உருவானவை. 1999 இல் வெளியான எவர்குவெஸ்ட் விளையாட்டில் மெஜிஷியன், நெக்ரோமான்சர் ஆகிய வகுப்புகள் இவ்வாறு அமைந்திருந்தன. அவ்விளையாட்டில் பெரும்பாலான வகுப்புகள் குழு இன்றி முன்னேறத் திணறியபோது நெக்ரோமான்சர் தனித்து ஆடக்கூடியவராக விளங்கினார்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் முதற்பதிப்பில் நிலையான துணை கொண்ட வகுப்புகள் இரண்டு இருந்தன. வார்லாக் பேய்களை அழைப்பவர். அவருடைய பேய் எப்போதும் அவருடைய நிலையிலேயே இருக்கும்; அதற்கு உணவு வேண்டாம், பயிற்சிக் காலமும் இல்லை. வேட்டுவரின் விலங்கோ காட்டில் தனக்கென ஒரு நிலையுடன் திரிந்த உயிர். அது தானே அனுபவம் ஈட்டி வளர வேண்டும், பசிக்கும், கவனிக்காது விட்டால் ஓடியும் போகும். நிரலாக்க நோக்கில் பார்த்தால் இரண்டும் ஒரே வகைப் பொருள்களே. விளையாடுபவரின் மனத்தில் அவை ஏற்படுத்தும் உணர்வு முற்றிலும் வேறு.

விலங்கைப் பழக்குதல்

முதற்பதிப்பில் வேட்டுவருக்கு முதல் ஒன்பது நிலைகளில் விலங்கு கிடையாது. வேட்டுவர் வகுப்பைத் தேர்ந்த பலர் இக்கட்டத்தில் ஏமாற்றமடைவதுண்டு. 10 ஆம் நிலையை அடைந்ததும் ஒரு பணித்தொடர் வழங்கப்படும். எடுத்துக்காட்டாக, குள்ளர் இன வேட்டுவர் பனி சூழ்ந்த டன் மோரோ பகுதியில் பன்றி, பனிச்சிறுத்தை, கரடி ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தற்காலிகமாகப் பழக்கிக் காட்ட வேண்டும். பணித்தொடரின் முடிவில் நிலையாகப் பழக்கும் திறன் கிடைக்கும்.

பழக்குவதற்கு 20 நொடிகள் ஆகும். அந்நேரம் முழுவதும் விலங்கு வேட்டுவரைத் தாக்கிக்கொண்டே இருக்கும். வேட்டுவரின் கவசப் பாதுகாப்பு முற்றிலும் நீங்கிவிடும். இடையில் கவனம் சிதறினால் முயற்சி தோல்வி. வேட்டுவரைவிட உயர்நிலையில் உள்ள விலங்கைப் பழக்க இயலாது. உறைபனிப் பொறியில் விலங்கைச் சிக்கவைத்து, அது உறைந்திருக்கும்போதே பழக்கத் தொடங்குவது 20 ஆம் நிலைக்குப் பின் பலரும் கையாளும் வழி.

விலங்கைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தோற்றத்தைக் கண்டே விலங்கைத் தேர்கின்றனர். அதில் தவறு ஏதும் இல்லை. நூற்றுக்கணக்கான மணிநேரம் உடன் வரப்போகும் விலங்கு கண்ணுக்குப் பிடித்ததாக இருப்பது நல்லதே. எனினும் உணவு, குடும்பம், சிறப்புத் திறன் ஆகிய மூன்றையும் கருத்தில் கொள்ளாதவர் பின்னர் வருந்த நேரிடும்.

உணவு என்பது சிறிய விடயமாகத் தோன்றும். இறைச்சி, மீன், ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், காளான் என உணவுகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு விலங்குக் குடும்பமும் இவற்றுள் சிலவற்றையே உண்ணும். ஓநாய்க்கு இறைச்சி மட்டுமே. பூனைக் குடும்பத்திற்கு இறைச்சியும் மீனும். பன்றியும் கரடியும் எதைக் கொடுத்தாலும் உண்ணும். வழியில் கிடைத்த எதையும் விலங்கிற்கு ஊட்ட முடிவது, பையில் இடமும் காசும் குறைவாக உள்ள தொடக்க நிலைகளில் பெரும் வசதி.

குடும்பத்தைப் பொறுத்து உடல் இயல்புகள் மாறுபடும். பூனைக் குடும்பம் இயல்பைவிட 10% கூடுதலாகத் தாக்கும். பன்றி 10% குறைவாகத் தாக்கினாலும் அடிகளை நன்கு தாங்கும். எதிரியை நோக்கிப் பாய்ந்து நிறுத்தி வைக்கும் திறனும் அதற்கு உண்டு. ஆமைக்கு ஓட்டினுள் ஒடுங்கி அடியைக் குறைக்கும் திறனும், கொரில்லாவுக்குச் சுற்றியுள்ள அனைவரையும் தாக்கும் நிலஅதிர்வும், காற்றுப்பாம்புக்குத் தொலைவிலிருந்தே தாக்கும் மின்னல் மூச்சும் உள்ளன. முதன்முதலாக வேட்டுவரை ஆடுபவருக்குப் பன்றியே ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பூனை விரைவாகக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் தொடக்கத்தில் வேட்டுவருக்குக் குறைவாக இருப்பது தாக்கும் வலிமை அன்று. எதிரியைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கும் ஒரு துணையே.

புரோக்கன் டூத் எனப்படும் அரிய பூனை தனிப் புகழ் பெற்றது. பேட்லேண்ட்ஸ் பகுதியில் 37 ஆம் நிலையில் திரியும் இவ்விலங்கு நொடிக்கு ஒரு முறை தாக்கும். பெரும்பாலான விலங்குகளுக்கு ஒரு தாக்குதலுக்கு இரண்டு நொடிகள் ஆகும். மொத்தச் சேதம் ஏறத்தாழச் சமமே. அது சிறு சிறு அடிகளாகப் பிரிந்து விழுகிறது, அவ்வளவுதான். ஆயினும் இவ்விளையாட்டில் மந்திரம் ஓதிக்கொண்டிருப்பவர் அடிபடும்போதெல்லாம் ஓதல் பின்தள்ளப்படும். ஆகவே பிற விளையாட்டாளர்களுடன் போரிடுவோர் இதனை மிக விரும்பினர். இதனைப் பழக்கும் பொருட்டு அப்பகுதியில் நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

நிலை உயர்த்துதல்

வேட்டுவரின் அடிப்படைப் போர்முறை எளிமையானது. முதலில் விலங்கை அனுப்ப வேண்டும். அது உறுமல் எனும் திறனால் எதிரியின் சினத்தைத் தன்பால் ஈர்க்கும். இரண்டொரு நொடி பொறுத்து அம்பெய்யத் தொடங்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாவிடில் எதிரி விலங்கை விட்டு வேட்டுவரை நோக்கி ஓடிவரும். அவ்வாறு வந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. 8 கெஜத்திற்கு உட்பட்ட தொலைவில் வில் பயன்படாது; 5 கெஜத்திற்கு அப்பால் வாள் எட்டாது. இடைப்பட்ட 3 கெஜத்தில் வேட்டுவர் ஏறக்குறைய எதுவும் செய்ய இயலாதவராக நிற்பார். இதனை விளையாட்டாளர்கள் செத்த பரப்பு என்றனர். 2007 ஆம் ஆண்டின் இறுதியில் இது நீக்கப்பட்டது.

12 ஆம் நிலையில் விலங்கின் காயத்தை ஆற்றும் திறன் கிடைக்கிறது. திறன்மரங்கள் மூன்றில் விலங்காண்மை எனத்தக்க மரமே நிலை உயர்த்துவதற்கு ஏற்றது. 40 ஆம் நிலையில் இம்மரத்தின் உச்சித் திறனைப் பெற்றால் விலங்கு 18 நொடிகளுக்கு வெறிகொண்டு போரிடும். அந்நேரத்தில் அதனை எவ்வகையாலும் கட்டுப்படுத்த முடியாது. ஒரு போர் முடிந்ததும் போர்வீரர் வகுப்பினர் அமர்ந்து உண்டு உயிராற்றலை மீட்க வேண்டியிருக்கும். அடிபடாத வேட்டுவரோ அடுத்த எதிரியிடம் உடனே செல்லலாம். சேமிக்கப்படும் இச்சிறு ஓய்வுகளே கூட்டி வரும்போது பல மணிநேரமாகின்றன.

விலங்கின் நிலை தனியே உயர்கிறது. எதிரிகளைக் கொல்வதால் மட்டுமே அதற்கு அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். பணிகளை முடிப்பதால் கிடைக்காது. வேட்டுவரின் நிலையை அது தாண்ட முடியாது. எனவே 60 ஆம் நிலை வேட்டுவர் ஒருவர் புரோக்கன் டூத்தைப் பழக்கினால், 23 நிலைகள் பின்தங்கிய விலங்கை மெல்ல மெல்ல வளர்த்துக் கொண்டுவர வேண்டும். அக்காலத்தில் அது உதவியைவிடப் பெரும்பாலும் சுமையாகவே இருக்கும்.

விலங்கிற்குக் கற்பிக்கும் முறை இவ்விளையாட்டின் மிக நுணுக்கமான பகுதிகளுள் ஒன்று. கடித்தல், பிறாண்டல், பாய்ந்தோடுதல் முதலிய திறன்களின் ஒவ்வொரு படியும் குறிப்பிட்ட காட்டு விலங்குகளிடமே உள்ளது. அவ்விலங்கைப் பழக்கி, அதனுடன் போரிட்டு, அத்திறனை வேட்டுவர் கற்றுக்கொண்ட பின்னரே தம் சொந்த விலங்கிற்குக் கற்பிக்க இயலும். கற்பிப்பதற்குப் பயிற்சிப் புள்ளிகள் தேவை. விலங்கின் நிலையை, அதன் பற்றுறுதிப் படியில் ஒன்று கழித்து வரும் எண்ணால் பெருக்கினால் இப்புள்ளிகள் கிடைக்கும். பற்றுறுதி ஆறு படிகள் கொண்டது. ஆகவே 60 ஆம் நிலையில் முழுப் பற்றுறுதியுள்ள விலங்கிற்கு 300 புள்ளிகள். புதிதாகப் பழக்கிய விலங்கு முதற்படியில் இருப்பதால் அதற்குப் புள்ளி எதுவும் இல்லை.

மகிழ்ச்சியும் கணக்கிடப்படுகிறது. மகிழ்ச்சியான விலங்கு 125%, நிறைவுற்றது 100%, மகிழ்ச்சியற்றது 75% சேதம் விளைவிக்கும். போரில் இறந்தால் மகிழ்ச்சி குறையும். தொடர்ந்து பட்டினி கிடந்தால் பற்றுறுதி தேய்ந்து, ஒருநாள் விலங்கு வேட்டுவரை விட்டு நிரந்தரமாக நீங்கிவிடும்.

குழு விளையாட்டில்

தனியாக ஆடும்போது வேட்டுவருக்கு நன்மையாக அமைந்த பழக்கங்கள் ஐவர் குழுவில் தீங்காகின்றன. உறுமலை அணைக்க மறந்தால் விலங்கும் குழுவின் தாங்குபவரும் ஒரே எதிரிக்காகப் போட்டியிடுவர். மேல்தளத்திலிருந்து கீழே குதித்துக் குறுக்குவழியில் செல்லும்போது விலங்கை அனுப்பிவிடாவிட்டால், குதிக்க இயலாத அது சுற்றுப்பாதையில் ஓடி, வழியிலுள்ள எதிரிகள் அனைவரையும் இழுத்து வரும். குழு முழுவதும் மடிவதற்கு இது ஒன்றே போதும். விலங்கு செய்த தவறுக்கு வேட்டுவரே பொறுப்பு என்பதால், இவ்வகுப்பினரை இகழும் தனி வசைச்சொல்லே ஆங்கிலத்தில் உருவானது.

இதனைத் திறமைக் குறைவாக மட்டும் கருதுவது பொருந்தாது. 60 நிலைகள் வரை விலங்கே அடிகளைத் தாங்கியதால், எதிரி தன்னிடம் வந்தால் என்ன செய்வது என்பதைக் கற்க வேண்டிய தேவையே வேட்டுவருக்கு எழவில்லை. விளையாட்டின் வடிவமைப்பாளர்களும் இதனை உணர்ந்திருந்தனர் போலும். மோல்டன் கோர் நிலவறையில் கிடைக்கும் தொன்மையான இலை ஒன்றில் தொடங்கும் பணித்தொடரில், வேட்டுவர் நான்கு பேய்களைப் பிறர் உதவியின்றித் தனியே வீழ்த்த வேண்டும். ஓடிக்கொண்டே எய்தல், பொறிவைத்தல், தொலைவைக் காத்தல் ஆகியவற்றில் தேர்ச்சியில்லாதவர் அதில் வெல்ல முடியாது. வெற்றி பெறுபவருக்கு ரோக்டெலார் எனும் வில் பரிசு. அதனைத் தோளில் சுமந்து நகரில் நடந்த வேட்டுவரை எவரும் எள்ளியதில்லை.

கெட்ட குருதி நிகழ்வு

2005, செப்டம்பர் 13 அன்று சுல்குரூப் எனும் நிலவறை சேர்க்கப்பட்டது. அதன் இறுதி எதிரியான ஹக்கார் கெட்ட குருதி எனும் தொற்றும் சாபத்தை ஏவும். இது அருகிலிருப்பவருக்குப் பரவக்கூடியது. ஆனால் நிலவறைக்கு வெளியே செல்லாது என்று கருதப்பட்டது. விலங்குகளை வடிவமைப்பாளர்கள் மறந்துவிட்டனர். தொற்றுக்கு உள்ளான விலங்கை வேட்டுவர் அனுப்பிவிட்டால் சாபத்தின் காலக்கணக்கு நின்றுவிடும். பின்னர் பெருநகரில் அதனை மீண்டும் அழைத்தபோது சாபமும் உடன் வந்தது. கடைக்காரர், காவலர் முதலிய இயக்கப்படாத பாத்திரங்கள் தாம் இறக்காமலேயே தொற்றைப் பரப்பின. தாழ்நிலையில் இருந்தோர் நொடிகளில் மாண்டனர். நகரங்கள் எலும்புக்கூடுகளால் நிறைந்தன. பலர் நகரங்களை விட்டு ஓடினர். சிலர் காயமாற்ற முன்வந்தனர். சிலர் வேண்டுமென்றே பரப்பினர். இறுதியில் வழங்கிகளை மறுதொடக்கம் செய்தும், விலங்குகளுக்கு இச்சாபம் தொற்றாதவாறு நிரலைத் திருத்தியுமே இது நிறுத்தப்பட்டது.

கொள்ளைநோயியல் அறிஞர்கள் இதனை ஆர்வத்துடன் நோக்கினர். எரிக் லோஃப்கிரென், நைனா ஃபெஃபர்மன் ஆகியோர் 2007 இல் லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ் ஆய்விதழில் இது குறித்து எழுதினர். கணித மாதிரிகளில் எளிதில் அடங்காத மனித நடத்தையை இத்தகைய உலகங்களில் காணலாம் என்பது அவர்களின் வாதம். 2020 இல் கோவிட்-19 பரவியபோது இந்நிகழ்வு மீண்டும் பேசப்பட்டது.

பிற்கால மாற்றங்கள்

2008 இல் பற்றுறுதிப் படிகளும் பயிற்சிப் புள்ளிகளும் நீக்கப்பட்டன. அவற்றிற்கு மாற்றாக விலங்குகள் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் திறன்மரம் தரப்பட்டது. மிகவும் பின்தங்கிய விலங்கைப் பழக்கினாலும் அது வேட்டுவரைவிட ஐந்து நிலைகளுக்கு மேல் குறையாதவாறு மாற்றப்பட்டது. பின்னர் அவ்விடைவெளியும் மறைந்தது. விலங்காண்மை மரத்தைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் ஆவிவிலங்கு முதலிய அரிய வகைகள் திறக்கப்பட்டன. 2010 இல் அம்பும் தோட்டாவும் வாங்க வேண்டிய தேவை நீங்கியது. முதல் நிலையிலிருந்தே விலங்கு வழங்கப்பட்டது. அதனை அடுத்து மகிழ்ச்சிக் கணக்கும் கைவிடப்பட்டது. 2014 இல் விலங்கே இல்லாமல் போரிட வழிசெய்யும் திறன் ஒன்று சேர்க்கப்பட்டது. 2016 இல் மூன்று மரங்களுள் ஒன்று ஈட்டி ஏந்தி அருகில் நின்று போரிடும் வகையாக மாறியது.

இம்மாற்றங்களால் தொல்லைகள் குறைந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் ஊட்டி, பயிற்றி, ஓடிவிடாமல் காத்த விலங்கின் மீது இருந்த ஒட்டுதல் தளர்ந்தது எனப் பழைய வேட்டுவர்கள் குறைபட்டுக்கொண்டனர். 2019 இல் கிளாசிக் பதிப்பு வெளியானபோது உணவும் பற்றுறுதியும் அம்புக்கூடும் பழையபடியே திரும்பின. பேட்லேண்ட்ஸ் பகுதியில் புரோக்கன் டூத் தோன்றும் இடங்களில் வேட்டுவர்கள் மீண்டும் காத்துக் கிடந்தனர்.