போர்க்காலப் பிள்ளைகளும் சட்டத்தின் எல்லைக்கோடும்

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பங்களுள் சில, நமது புதுக்கோட்டை மாவட்டத்தின் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை முகாம்களில் வாழ்கின்றன. அன்று தாயின் கைப்பிடித்து வந்த சிறுவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டார்கள்.

அவர்களுக்குச் செய்யப்பட்டது சிறிதன்று. மாதந்தோறும் பணக்கொடையும் அரிசியும் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது. ஆயினும் இவை அரசாணையால் கிடைப்பவை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இங்கில்லை.

சட்டம் தரும் உரிமையோ ஒரு தேதியில் நின்றுவிடுகிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. ஒரே முகாமில், ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் குடிமகனாகவும் தம்பி அகதியாகவும் இருக்க நேர்கிறது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல்தான் உத்தரவிட்டது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

எல்லைக்கோடு ஒன்று குழந்தையை வருத்தியபோது ஓர் ஆட்சியாளர் என்ன செய்தார் என்பதை நமது வரலாறு கூறுகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கியபோது, பால்குடி மறந்த குழந்தைகளுக்கே முதலில் பங்கு வைத்தார்கள். ஓரிரவு, மதீனாவில் தங்கிய வணிகக் கூட்டத்தைக் காவல் காத்தவேளை, ஒரு குழந்தையின் அழுகை ஓயவில்லை. உதவித்தொகைக்காகத் தாய் காலத்திற்கு முன்பே பாலை மறக்கச் செய்கிறாள் என அறிந்து கலங்கினார்கள். தாயைக் கடியவில்லை, விதியை மாற்றினார்கள். பிறந்த நாள் முதலே பங்கு உண்டென்று எங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

அன்பானவர்களே! தேதியை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு. அதைக் கேட்பது நமது பொறுப்பு. அதுவரை, 1987க்கு முன் இங்கே பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுக்கவும், விண்ணப்பம் எழுதவும் நமது ஜமாஅத்தின் படித்த இளைஞர்கள் துணைநிற்கலாம். அண்டை வீட்டாரின் உரிமை மதம் பார்ப்பதில்லை. அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.