‘நெஞ்சு படபடங்குது, ஆனா ஈசிஜி நார்மல்!’ - செக்கப்பில் விட்டுப்போகும் அந்த 2 கேள்விகள் என்ன?

திடீர்னு நெஞ்சு படபடங்குது, மூச்சு முட்டுது, கை சில்லிட்டுப் போகுது. அடித்துப்பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஈசிஜி நார்மல், சுகர் பரவாயில்லை, பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட. ‘ஒண்ணும் இல்லை, டென்ஷன் ஆகாதீங்க’ என்று அனுப்பி வைக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே படபடப்பு. இந்த முறை காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் எக்கோ. அதுவும் நார்மல்!

இதயத்தில் கோளாறு இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்தப் படபடப்பு பொய்யில்லை. பல நேரங்களில் அதற்குப் பெயர் பதற்றக் கோளாறு. 2019-ல் உலகம் முழுக்க சுமார் 30 கோடி பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிகிச்சை கிடைப்பதோ நான்கில் ஒருவருக்குத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. கேட்டால் போதும். 2023 ஜூனில் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு, 64 வயது வரையிலான பெரியவர்கள் எல்லோரிடமும், அறிகுறி எதையும் சொல்லாவிட்டாலும், பதற்றம் பற்றிக் கேட்கலாம் என்று பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளும் பிரசவமான பெண்களும் இதில் அடக்கம்.

என்ன கேட்பார்கள்?

கடந்த 2 வாரங்களில் பதற்றமாக, படபடப்பாக இருந்ததா? கவலைப்படுவதை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா? அவ்வளவுதான். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வருகிறதா? அடுத்து 7 கேள்விகள் கொண்ட முழுப் படிவம். 2006-ல் வெளியான அந்தப் படிவத்தில் மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். மதிப்பெண் கூடுதலாக வந்துவிட்டதாலேயே ஒருவருக்கு நோய் என்று முடிவு கட்டக்கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். பொண்ணு கல்யாணம், கடன் தவணை என்று ஓடுகிற மாதத்தில் யாருக்குத்தான் கவலை இருக்காது? அதனால்தான் இதை வடிகட்டல் என்கிறார்கள். உறுதி செய்வது டாக்டரின் வேலை.

நம்ம ஊரில் கேட்கிறார்களா?

பாதி கேட்கிறார்கள் எனலாம். 30 வயதைத் தாண்டியவர்களுக்காக ஒன்றிய அரசு வகுத்துள்ள சுகாதாரக் கணக்கெடுப்புப் படிவத்தில் மனநலத்துக்கு 2 கேள்விகள் உண்டு. ஆனால் இரண்டும் மனச்சோர்வு பற்றியவை. பதற்றத்துக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கும் அந்த 5 நிமிடத்தைவிட இந்தக் கேள்விகளுக்குப் பொருத்தமான நேரம் வேறு கிடையாது.

செட்டிநாட்டுப் பக்கம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் ஆச்சியும் ஐயாவும் மட்டும் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அமெரிக்கக் குழுவின் பரிந்துரையோ 64 வயதோடு நின்றுவிடுகிறது. 65-க்கு மேல் எல்லோரிடமும் கேட்பதால் நன்மையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லையாம். வயதானால் தூக்கம் குறைவதும் உடம்பு அசதியும் சகஜம் என்பதால், எது வயது, எது பதற்றம் என்று பிரிப்பது கஷ்டம். அதற்காக, பெரியவர்களுக்குப் பதற்றம் வராது என்று அர்த்தமில்லை. ‘ராத்திரியானா மனசு பதறுது’ என்று ஆச்சி போனில் சொன்னால், வயசாயிடுச்சு என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கேட்ட பிறகு?

கேட்டுவிட்டு அனுப்ப இடமில்லை என்றால் கேட்டதே வீண். இதற்கும் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. பேருந்துக்குள் திரை, அதில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர், பேருந்திலேயே மருந்து. தீவிர மனநோய்களுக்காகத் தொடங்கியது அது. டாக்டர் இல்லாத ஊருக்கும் டாக்டரைக் கொண்டுபோக முடியும் என்று காட்டியது.

இப்போது மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக்காரர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பேச்சுவழிச் சிகிச்சை, மாத்திரை, இரண்டும் சேர்த்து என்று ஆளுக்கேற்ப முடிவாகும். மாத்திரை வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் விட்டுவிடக்கூடாது.

இதைவிட ஆபத்தானது, மெடிக்கலில் ‘தூக்க மாத்திரை ஒண்ணு குடுங்க’ என்று வாங்கிப் போடுவது. அல்பிரசோலம் போன்றவை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. பழகிவிட்டால் விடுவது கடினம்.

நெஞ்சுவலி முதல் முறை வந்தால், பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் முதலில் ஈசிஜி எடுங்கள். அது நார்மல் என்றால், தூக்கம் எப்படி, கவலை எவ்வளவு என்பதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416-ல் அழைக்கலாம். 24 மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.