லோன் ரேஞ்சர் (வானொலி நாடகம்)

அமெரிக்க நாட்டின் மேற்குப் பிரதேசத்தைக் களமாகக் கொண்டு எழுந்த வானொலி நாடகங்களுள் மிகப் பிரசித்தி பெற்றது 'லோன் ரேஞ்சர்'. டிட்ராயிட் நகரத்து டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தின் அதிபர் ஜார்ஜ் டிரெண்டில், பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்த 1933 ஜனவரி இறுதியில் இதனைத் தொடங்கினார். பிரான் ஸ்டிரைக்கர் எழுதினார். ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை முன்னே முழங்க, குதிரைக் குளம்பொலி பின்தொடர, வாரம் மும்முறை அரைமணி நேரம் இது ஒலிபரப்பாயிற்று. 1934-இல் நான்கு நிலையங்கள் கூடி மியூச்சுவல் ஒலிபரப்பு ஸ்தாபனத்தை அமைத்தபோது, அக்கூட்டுக்கு இந்நாடகமே பெரும் பலமாயிருந்தது.

டெக்ஸாஸ் காவற்படையினர் அறுவரைக் காவெண்டிஷ் என்பவனின் கொள்ளைக் கூட்டம் மலைக்கணவாயில் மறைந்திருந்து சுட்டு வீழ்த்த, குற்றுயிராய்க் கிடந்த ஒருவனை மட்டும் டான்டோ என்னும் செவ்விந்தியன் பிழைப்பிக்கிறான் என்பதும், அறுவருமே மாண்டனர் எனப் பகைவர் நம்பும்பொருட்டு ஆறு கல்லறைகள் எழுப்பப்பட, பிழைத்தவன் முகமூடி அணிந்து தர்மத்தை நிலைநாட்டப் புறப்படுகிறான் என்பதும் பிற்காலத்தில் வகுக்கப்பட்ட மூலக்கதை.

முகத்தை மறைத்தவன் கள்வனே என்பது ஊரார் துணிபு. ஆதலின் கால்வைத்த ஊர்களில் அவன் செய்யாத கொலையும் கொள்ளையும் அவன் தலையில் விழும். ஷெரீப்பின் துப்பாக்கி அவன் மார்பை நோக்கும். தன் அடையாளமான வெள்ளித் தோட்டா ஒன்றைக் காட்டித் தன்னை மெய்ப்பித்தாலன்றி அந்நிரபராதிக்கு விமோசனம் இல்லை. இதனைக் கதை வளர்க்கும் மலிவான உபாயம் என இகழ்வாருமுண்டு. ஆயின், செவிக்கு மட்டுமே உரிய நாடகத்தில் ஒரு முகமூடியை எங்ஙனம் காட்டுவது? கண்டவன் எவனேனும் திடுக்கிட்டுக் கூவினாலன்றி, அது நேயர்க்கு இல்லாத பொருளே. அவன்மேல் விழும் அபாண்டமே அவன் முகமூடி எனல் மிகையாகாது.

டான்டோ பிறந்ததும், எதையும் வாய்ச்சொல்லாலேயே உணர்த்தவேண்டும் என்னும் இந்நியதியாலேதான். தொடக்க நிகழ்ச்சிகளில் இல்லாத அவன், நாயகன் தன் எண்ணத்தை வாய்விட்டு உரைக்க ஒரு துணை வேண்டுமென்றே பின்னர்ச் சேர்க்கப்பட்டான். வீணாகச் சந்தேகிக்கப்பட்டவனுக்காகப் பரிந்த இந்நாடகம், அவனுடைய உற்ற துணைவனைக் குழறும் ஆங்கிலம் பேசவைத்தது பெருங்குறை.

நாயகனாக நெடுநாள் பேசிய ஏர்ல் கிரேசர் 1941 ஏப்ரலில் மோட்டார் விபத்தில் இறந்தார். நாயகன் காயமுற்றுப் பேச இயலாது கிடப்பதாகச் சில நிகழ்ச்சிகளை எழுதி, நேயர் பழைய குரலை மறந்திருக்கையில், பிரேஸ் பீமரின் குரலை மெல்லப் புகுத்தினர், சாமர்த்தியமான ஏற்பாடுதான்.

அதே நிலையம் 1936-இல் தொடங்கிய 'கிரீன் ஹார்னெட்' நாடகத்தின் நாயகனும் போலீஸாரால் குற்றவாளியெனத் தேடப்படுபவனே. கதைப்படி அவன் லோன் ரேஞ்சருடைய சகோதரன் மகனின் புதல்வன். லோன் ரேஞ்சரின் கடைசிப் புது நிகழ்ச்சி 1954 செப்டம்பர் 3-ஆம் நாள் ஒலிபரப்பாயிற்று.