அண்ணனைத் தாண்டி ஒரு பந்து

1934 மே மாதம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஹில்ஸ்டேல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், காற்று சுழன்றடிக்கும் வெட்டவெளியில் ஒரு பண்ணை. அங்கே தண்ணீர் இறைக்கும் காற்றாலையின் பக்கவாட்டில் ஓர் இரும்பு வளையத்தை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். சேய்லர்ஸ் வீட்டுப் பையன்களுக்கு அதுதான் கூடைப்பந்து மைதானம். அண்ணன் பட், 6 அடி 5 அங்குல உயரம். தம்பி கென்னிக்கு 13 வயது, 5 அடி 7 அங்குலம். தம்பி எறிந்த பந்தையெல்லாம் அண்ணன் நின்ற இடத்திலிருந்தே தட்டிவிட்டான். கென்னி இடப்பக்கம் ஓடிப் பார்த்தான், வலப்பக்கம் வளைந்து பார்த்தான். எங்கே போனாலும் அந்த நெடிய கை முன்னால் வந்து நின்றது. கடைசியில் அவனுக்கு ஒரே ஒரு திசைதான் மிச்சமிருந்தது.

மேலே.

பந்தைத் தட்டிக்கொண்டே அண்ணனை நோக்கி வந்தவன் சட்டென்று நின்றான். நின்ற இடத்திலேயே நெட்டுக்குத்தாக எம்பினான். பந்தைத் தலைக்கு மேலே கொண்டுபோய் ஒற்றைக் கையால் விட்டான். அது வளையத்துக்குள் விழுந்தது. தோற்ற அண்ணன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போயிருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பட், இதை விட்டுவிடாமல் பழகிக்கொள், உனக்கு நல்லது என்றான். கென்னியும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்துக்கொண்டது அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் கண்ணில் பட்டாலே அதட்டக்கூடிய ஒரு கெட்ட பழக்கம் என்பது பையனுக்குத் தெரியாது.

1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக் கூடைகளை மாட்டித் தொடங்கிவைத்த ஆட்டம் அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. அதற்குள் அதற்கென்று ஒரு சாஸ்திரமே உருவாகியிருந்தது. கால்களைத் தரையில் ஊன்ற வேண்டும், இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்து மார்பு உயரத்திலிருந்து தள்ள வேண்டும். செட் ஷாட் என்ற இந்த எறிதல்தான் முறையானது என்று கருதப்பட்டது. அந்தரத்தில் எம்பிவிட்டால் மனம் மாற வழியில்லை, பந்து பறிபோகும் என்பது பயிற்சியாளர்களின் வாதம். 1936 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் ஹாங்க் லூசெட்டி, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஓடிக்கொண்டே ஒற்றைக் கையால் பந்தை எறிந்தார். தொடர்ச்சியாக 43 ஆட்டங்களை வென்றிருந்த லாங் ஐலண்ட் பல்கலைக்கழகம் அன்று தோற்றது. அப்படியும் பழைய தலைகள் முகத்தைச் சுளித்தன. ஒற்றைக் கைக்கே இந்தப் பாடு என்றால், காலும் தரையில் இல்லாத ஒருவன் அந்த அரங்கில் காலடி வைத்தால் என்ன ஆகும்?

அந்த நாள் 1943 மார்ச் 30-ஆம் தேதி வந்தது. கென்னி சேய்லர்ஸ் இப்போது வயோமிங் பல்கலைக்கழக ஆட்டக்காரர். பயிற்சியாளர் எவரெட் ஷெல்டன் அவருடைய எம்பலைத் தடுக்காத மனிதர். கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் எதிரே ஜார்ஜ்டவுன். இரண்டாம் பாதியிலும் ஜார்ஜ்டவுன்தான் முன்னிலையில் இருந்தது. பிறகு வயோமிங் பாய்ந்தது. முடிவு 46–34. இரண்டு அணிகளிலும் பத்துப் புள்ளிகளைத் தாண்டியவர் ஒரே ஒருவர்தான். 16 புள்ளிகள் எடுத்த சேய்லர்ஸ்! தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. இரண்டே நாளில், இன்னொரு பெரிய போட்டியின் சாம்பியனான செயின்ட் ஜான்ஸ் அணியையும் செஞ்சிலுவைச் சங்க நிதிக்கான ஆட்டத்தில் 52–47 என்று வயோமிங் வீழ்த்தியது. இனி அவரைத் தடுக்க யாருமில்லை என்ற நேரத்தில் உலகப்போர் அழைத்தது.

மரைன் படை வீரராகப் பசிபிக் பகுதியில் பணியாற்றிவிட்டு சேய்லர்ஸ் கல்லூரிக்குத் திரும்பினார். 1946 ஜனவரியில், அதே மாடிசன் ஸ்கொயர் கார்டனில், அதே லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அவர் எம்பிய ஒரு கணத்தை எரிக் ஷால் என்ற புகைப்படக்காரர் பிடித்துவிட்டார். சேய்லர்ஸ் அந்தரத்தில் நிற்கிறார். தடுக்க வேண்டியவர்கள் தரையில் நிற்கிறார்கள். அந்தப் படம் லைஃப் பத்திரிகையில் வந்து நாடெங்கும் வீடுகளுக்குள் போனது. பார்த்த பையன்கள் தெருவில் எம்பத் தொடங்கினார்கள். பெரியவர்கள் மட்டும் அசையவில்லை.

அதே ஆண்டு தொடங்கிய தொழில்முறை லீக்கில் சேய்லர்ஸ் கிளீவ்லாந்து ரெபல்ஸ் அணியில் சேர்ந்தார். பயிற்சியாளர் டச் டெனர்ட், தன் காலத்தில் பிவட் என்ற ஆட்டமுறையைப் பரப்பிப் பெயர் வாங்கியவர். அவர் சேய்லர்ஸின் எறிதலைப் பார்த்துவிட்டு, இது இந்த லீக்கில் ஒருநாளும் செல்லுபடியாகாது, இரண்டு கையால் எறியக் கற்றுக்கொள் என்று சொல்லி பெஞ்சில் உட்காரவைத்தார். 25 வயதில், சாம்பியன் பட்டத்தோடு வந்தவருக்கு இது எவ்வளவு வலித்திருக்கும்! அதிர்ஷ்டம் வேறு வழியில் வந்தது. பருவத்தின் நடுவிலேயே டெனர்ட் பதவி இழந்தார், புதிய பயிற்சியாளர் ராய் கிளிஃபர்ட் சேய்லர்ஸை ஆடவிட்டார். ஆனால் பருவம் முடிந்ததும் அணியே கலைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததும் அதேதான். பிராவிடன்ஸ் ஸ்டீம்ரோலர்ஸ் அணியில் 1947–48 பருவத்தில் 6 வெற்றி, 42 தோல்வி. 1949-இல் அந்த அணியும் கலைந்தது. டென்வருக்குப் போனார். அங்கே ஆட்டத்துக்கு 17.3 புள்ளிகள் என்ற சராசரியை எட்டினார். அணியோ 11 வென்று 51 தோற்று லீக்கை விட்டே வெளியேறியது. பாஸ்டன், பால்டிமோர் அணிகளில் கொஞ்ச நாள் ஆடிவிட்டு 1951-இல், 30 வயதில் ஆட்டத்தை விட்டார். மோசமான அணிகளில் கழிந்த ஆண்டுகள் என்பதால் அவர் பெயர் வேகமாக மறந்துபோனது. அவர் செய்துகாட்டிய காரியம் மட்டும் மறையவில்லை.

பத்து ஆண்டுகளுக்குள் செட் ஷாட் ஏறக்குறைய வழக்கொழிந்தது. டெனர்ட் செல்லாது என்று சொன்ன அந்த எறிதல்தான் இன்று பள்ளி மைதானம் முதல் ஒலிம்பிக் வரை எல்லோரும் யோசிக்காமல் எறியும் ஜம்ப் ஷாட். மிசோரியின் ஜான் கூப்பர், வர்ஜீனியாவின் கிளென் ராபர்ட்ஸ் ஆகியோரும் முப்பதுகளிலேயே எம்பி எறிந்தார்கள். பிலடெல்பியாவின் ஜோ ஃபல்க்ஸ் 1949-இல் ஒரே ஆட்டத்தில் 63 புள்ளிகள் குவித்தார். ஆனாலும் தட்டிக்கொண்டே வந்து, நின்று, நேராக எம்பி, உச்சியில் ஒற்றைக் கையால் விடும் இன்றைய வடிவத்துக்கு மிக நெருக்கமானது சேய்லர்ஸின் எறிதல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவர் இதற்கெல்லாம் உரிமை கொண்டாடி அலையவில்லை. 1965-இல் அலாஸ்காவுக்குக் குடிபோய், வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். கிளெனாலன் என்ற ஊரில் பள்ளி மாணவிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். 2012-இல், 91 வயதில், கல்லூரிக் கூடைப்பந்தின் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2016 ஜனவரி 30 அன்று லாரமியில் தன் 95-ஆம் வயதில் காலமானபோது, ஸ்பிரிங்ஃபீல்டில் நைஸ்மித் பெயரில் இருக்கும் புகழ்மன்றத்தில் அவருக்கு இடம் கொடுத்திருக்கவில்லை. பெரும் அநியாயம் அது. அவர் மறைந்த அதே பருவத்தில் ஸ்டீஃபன் கரி, தொலைவிலிருந்து எம்பி எறிந்து 402 மூன்று புள்ளிக் கூடைகளைப் போட்டு லீக்கின் சாதனையை உடைத்தார். சேய்லர்ஸைப் பற்றிப் பிறகு ஓர் ஆவணப்படம் வந்தபோது, அதன் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராகத் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டவரும் அதே கரிதான்.