தலைக்காசு முதல் தரக்கழிவு வரை: கெடாவில் வேலைத்திறனை அளந்த கதை

சரியாக வேலை செய்யாதவரை என்ன செய்வது, நன்றாகச் செய்பவரை எப்படித் தக்கவைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நிர்வாகவியல் நூல்கள் பெரும்பாலும் தனியாளின் குணத்தில்தான் விடை தேடுகின்றன. ஒருவருக்குச் சோம்பல், இன்னொருவருக்குச் சுறுசுறுப்பு. முன்னவருக்கு எச்சரிக்கைக் கடிதம், பின்னவருக்கு ஊக்கத்தொகை. அந்த இருவரையும் பிரித்தறியும் அளவுகோல் எது, அதைக் கையில் வைத்திருப்பவர் யார், அவர் எத்தனை காலம் கவனித்துப் பார்த்தார் என்ற கேள்விகள் அந்நூல்களில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. மலேசியாவின் கெடா மாநிலத் தமிழரின் வேலை வரலாறு இக்கேள்விகளை முன்னுக்குக் கொண்டுவருகிறது. கரங்கான் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரம் வெட்டிய குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் பலர் இன்று கூலிம், சுங்கைப்பட்டாணி போன்ற ஊர்களில் மருத்துவமனைத் துப்புரவு, பள்ளித் துப்புரவு, பாதுகாவல் போன்ற குத்தகைச் சேவைகளில் இருக்கிறார்கள். தோட்டம் தொழிலாளியைத் தவறாக அளந்தது; குத்தகைச் சேவை அவரை அளப்பதே இல்லை. இரண்டாவது குறையே பெரிது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தோட்டத்தில் நாள் பெரட்டில் தொடங்கும். விடியுமுன் பெயர் கூப்பிட்டு ஆளை எண்ணுவார்கள். எண்ணிக்கைக்கு அவ்வளவு முக்கியத்துவம் தரப்பட்டதன் காரணம் கங்காணியின் வருமானத்தில் இருந்தது. தான் ஊரிலிருந்து திரட்டிவந்த ஆட்களில் அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஓரிரு காசு சேர்ந்தது. அதுதான் தலைக்காசு. நிர்வாக மொழியில் இது மேற்பார்வையாளருக்கான ஊக்கத்தொகைத் திட்டம். ஆனால் அது ஊக்குவித்தது வருகையை மட்டும். காய்ச்சலில் கிடந்தவரை லயத்திலிருந்து கிளப்பிவருவது கங்காணிக்கு லாபம். அவர் அன்று எப்படி வெட்டினார் என்பதில் கங்காணிக்கு ஒரு காசும் கூடப்போவதில்லை, குறையப்போவதுமில்லை. 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கான ஆள் திரட்டலைத் தடைசெய்தபின் கங்காணியின் பிடி தளர்ந்தது. ஆயினும் வந்து நிற்பதையே வேலையாக எண்ணும் பழக்கம் அவரோடு போய்விடவில்லை.

வெட்டின் தரத்தைப் பால் எடையால் பார்த்தார்கள். ஒரு நிரையில் சில நூறு மரங்கள். அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறையும். பிறகு மங்கு மங்காகச் சேர்த்து வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால், எடையோடு ரப்பர்ச் சத்தின் விகிதத்தையும் கணக்கிட்டுக் கிராணி என்ற எழுத்தர் குறித்துக்கொள்வார். தண்ணீர் கலந்தவர் அங்கே பிடிபடுவார். பார்வைக்கு இது மிக நேர்மையான முறை. ஆனால் எடை காட்டுவது ஆளின் திறமையை மட்டுமா? மரத்தின் வயது, இனம், பட்டையின் நிலை, முந்தைய இரவின் மழை ஆகியவையும் அந்த எடையில் இருக்கின்றன. கெடா போன்ற வடமாநிலங்களில் ஆண்டின் முதல் மாதங்களில் இலையுதிர்வு கடுமையாக இருக்கும்; அப்போது எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் பால் இறங்கும். நல்ல நிரை யாருக்கு, கிழட்டு மரம் யாருக்கு என்று ஒதுக்குபவர் கையில்தான் ‘திறமைசாலி’ என்ற பெயரும் இருந்தது. தோட்டத்துச் சண்டைகளில் பாதி நிரை பிடிப்பதில் தொடங்கியவை என்று சொன்னால், அங்கே வளர்ந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

எடைக்கூலியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூடுதல் பாலுக்காக உளியை ஆழமாக இறக்கினால் பட்டைக்கு உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படும். அன்று பால் கூடும், காயம் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துப் புதுப்பட்டை கரடுமுரடாக வளர்ந்து, அதில் வெட்ட முடியாமல் போகும்போதுதான் தெரியும். அதற்குள் வெட்டியவர் வேறு நிரைக்கோ வேறு தோட்டத்துக்கோ போயிருப்பார். பெங்ட் ஹோம்ஸ்ட்ரோமும் பால் மில்குரோமும் 1991இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதையே கோட்பாடாக வகுத்தது: ஒரு வேலையில் அளக்க எளிதான கூறும் அளக்கக் கடினமான கூறும் சேர்ந்திருந்தால், முன்னதற்கு மட்டும் பணம் கொடுப்பது பின்னதைப் பாழாக்கும். ஹோம்ஸ்ட்ரோம் 2016இல் நோபல் பரிசு பெற்றார். தோட்ட நிர்வாகம் இதைக் கோட்பாடாக அறியாவிட்டாலும் நடைமுறையில் அறிந்திருந்தது. மண்டோர் என்ற மேற்பார்வையாளர் மரம் மரமாகப் போய் வெட்டுச்சாய்வு, பட்டைச் செலவு, காயம் ஆகியவற்றைப் பார்த்தார். எடையோடு ஒரு கண்ணும் தேவை என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அந்தக் கண் நியாயமானதாக எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் இன்னார் நல்ல வெட்டு, இன்னார் மரத்தைக் கொல்கிறார் என்ற நினைவு தோட்டத்தில் இருந்தது. ஆள் அங்கேயே இருந்தார், மரமும் அங்கேயே இருந்தது.

இந்த அளவுகோல்களை எதிர்த்துக் கேள்வி எழுந்தது 1947இல். பிடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் உருவான தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பிக் கெடா முழுவதும் பரவியது. பிடோங்கில் மோதல், மார்ச்சில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தொழிலாளர் உயிரிழப்பு, ஏப்ரலில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் கூண்டோடு கைது. தொழிற்சங்க வரலாற்றில் இவை போராட்டமாகவும் அடக்குமுறையாகவும் பதிவாகியுள்ளன. நிர்வாகவியல் மாணவர் இவற்றை வேறொன்றாகவும் படிக்கலாம். சொன்னதைச் செய்யும் சாதுவான கூலி என்றும், கள்ளுக்கடை இல்லாவிட்டால் வேலைக்கு நிற்காது என்றும் வகைப்படுத்தப்பட்டிருந்த அதே ஆட்கள், தாமாக அணிவகுத்து, தாமே குடியை நிறுத்தி, தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அப்படியானால் பழைய மதிப்பீடு யாரைப் பற்றியது? சையது உசேன் அலாத்தாஸ் 1977இல் எழுதிய நூல், ‘சோம்பேறிச் சுதேசி’ என்ற பிம்பம் காலனி முதலாளித்துவத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்று காட்டியது. அவர் பேசியது மலாய், ஜாவானிய, பிலிப்பினோ மக்களைப் பற்றி. தமிழருக்குக் கிடைத்த ‘சாது’ பட்டமும் அதே பட்டறையில் அடித்ததுதான்.

கெடாத் தோட்டங்களின் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 1950களில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் அலை எழுந்து குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தபோது, வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். தொழிலாளிகளே பங்குதாரர்களாகும் அந்த ஏற்பாடு ஊக்கம் பற்றிய எந்தப் பாடநூல் சூத்திரத்தையும்விடத் துணிச்சலானது. அது எவ்வளவு தூரம் வாக்கைக் காப்பாற்றியது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனிக் குத்தகைச் சேவைக்கு வருவோம். அரசு மருத்துவமனைகளின் துணைச் சேவைகள் 1997 முதல் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பள்ளிகளிலும் துப்புரவும் காவலும் குத்தகைக்குப் போயின. சேவையில் குறை கண்டால் நிறுவனத்துக்கு அரசு தரும் கட்டணத்தில் கழிவு விழும். கழிவு நிறுவனத்துக்குத்தான் என்றாலும், அதன் பாரம் சூப்பர்வைசர் வழியாக வார்டு துடைக்கும் அக்காவின் தலையில் வந்து இறங்குகிறது. தலைக்காசு மேற்பார்வையாளருக்குச் சேர்த்துக் கொடுத்தது. தரக்கழிவு மேலிடத்தில் வெட்டி எடுக்கிறது. திசைதான் மாறியிருக்கிறது. இரண்டிலும் நன்றாக வேலை செய்தவருக்கு வழியில்லை. கழிவு இல்லாத மாதம் என்றால் யாரும் எதையும் கவனிக்கவில்லை என்றே பொருள்.

துப்புரவு வேலையின் இயல்பு இதை மோசமாக்குகிறது. ரப்பர்ப் பாலை நிறுக்க முடிந்தது. நன்றாகத் துடைத்த தரை கண்ணில் படாது. துடைக்காத தரைதான் படும். கட்டில் கம்பி, கதவுக் கைப்பிடி, நோயாளி தொடும் பொத்தான் ஆகியவற்றைச் சரியாகத் துடைத்ததன் பலன், பரவாத தொற்று. நடக்காத ஒன்றை எந்தப் படிவத்தில் பதிவது? ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவாளர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டது. ஒரே வேலைப் பட்டியல் உள்ளவர்களில் சிலர் குப்பை அள்ளுவதோடு நின்றார்கள். வேறு சிலர் நோயாளிகளோடும் தாதியரோடும் பேசி, தேவை அறிந்து வேலையின் வரிசையை மாற்றி, தங்களையும் நோய் தீர்ப்பவர்களாகக் கருதினார்கள். மருத்துவமனைக்கு வேண்டியவர்கள் இந்த இரண்டாம் வகையினர். அவர்களை அடையாளம் காணக் காலம் வேண்டும். ஒரே இடத்தில், ஒரே மேற்பார்வையில், ஆண்டுக்கணக்கில்.

குத்தகை முறை பறிப்பது அந்தக் காலத்தைத்தான். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆண்டு விடுப்பு முதல் இரண்டு ஆண்டுகள்வரை 8 நாள், அதற்குமேல் ஐந்து ஆண்டுகள்வரை 12 நாள், அதன்பின் 16 நாள். மருத்துவ விடுப்பு இதே படிகளில் 14, 18, 22 நாள். பணிநீக்க நட்டஈடும் சேவைக்காலத்தோடு வளர்கிறது: ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளத்தில் தொடங்கி இருபது நாள்வரை. ஒரு பள்ளியின் குத்தகை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கழிப்பறையை, அதே வாளியோடு, பதினைந்து ஆண்டுகள் கழுவியவர் ஐந்து முறை புதுஆளாகச் சேர்ந்திருப்பார். அவர் 16 நாளை ஒருபோதும் எட்டமாட்டார். சம்பளமும் கைகொடுப்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2022இல் 1,500, 2025இல் 1,700 என உயர்ந்தது; அது நல்லதே. ஆனால் குறைந்தபட்சமே சம்பளமாகிவிட்ட துறையில் நேற்று சேர்ந்தவருக்கும் பதினைந்து ஆண்டு அனுபவத்துக்கும் ஒரே தொகை. நல்ல ஊழியரை எப்படி ஊக்குவிப்பது என்று கருத்தரங்கு நடத்துவதற்கு முன், அவர் ஏற்கெனவே சம்பாதித்ததை அழிக்காமல் இருக்கலாம்.

மோசமான ஊழியர் விஷயத்திலும் இதே வெறுமை. 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவருக்கு அறுபது நாளுக்குள் முறையிடும் உரிமை தருகிறது. திறமைக்குறைவுக்காக நீக்குவதென்றால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைத் தொழில் நீதிமன்றம் 1987இல் ஐ.இ. ப்ராஜெக்ட் வழக்கில் தெளிவாக்கியது. எதில் குறை என்று சொல்லியிருக்க வேண்டும், வேலை போகும் அபாயத்தை எச்சரித்திருக்க வேண்டும், திருந்தப் போதிய வாய்ப்பு தந்திருக்க வேண்டும். இதை முதலாளியைக் கட்டும் கயிறாகப் பார்ப்பவர் உண்டு. எனக்கு அது நல்ல மேலாண்மையின் இலக்கணமாகவே தோன்றுகிறது. குறையைச் சொல்லத் தெரியாத மேற்பார்வையாளருக்கு வேலையும் தெரியாது. குத்தகை மாறும் இடத்தில் இந்தப் படிகள் எதற்கும் அவசியம் எழுவதில்லை. புது நிறுவனம் பிடிக்காதவரை எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவே. அவர் மோசமாக வேலை செய்தவரா, சங்கத்தில் சேர்ந்தவரா, சூப்பர்வைசரோடு வாக்குவாதப்பட்டவரா என்று யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. 2020இல் ஏம்ஸ் சைபர்ஜெயா வழக்கில், திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்ட தவணை ஒப்பந்தம் உண்மையில் நிரந்தர வேலையே என்று கூட்டரசு நீதிமன்றம் கண்டது. ஆனால் அங்கே வேலை கைமாறியது ஒரே குழுமத்துக்குள்தான். முதலாளி மாறிக்கொண்டே இருக்கும் துப்புரவுக் குத்தகையில் அந்தத் தீர்ப்பைப் பற்றிக்கொள்ள இடம் குறைவு.

தீர்வுக்கு வெகுதூரம் போகவேண்டாம். பிரிட்டன் 1981லேயே தொழில் கைமாறும்போது ஊழியரின் சேவைக்காலமும் கூடவே போகும் என்று விதி செய்தது. 2006இல் சேவைக் குத்தகை மாற்றத்தையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்தது. மலேசியாவின் 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க நட்டஈட்டு விதிமுறைகளிலும் இதன் விதை இருக்கிறது. தொழிலின் உரிமை மாறும்போது, புது உரிமையாளர் ஏழு நாளுக்குள் முந்தையதற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்தால் நட்டஈடு இல்லை, சேவைக்காலம் தொடரும். தோட்டம் விலைபோகும்போது பொருந்திய இந்த விதி, குத்தகை கைமாறும்போதும் பொருந்த வேண்டும் என்று அரசு டெண்டர் நிபந்தனையிலேயே எழுதலாம். வேலை அரசுடையது, கட்டடம் அரசுடையது, பணமும் அரசுடையது. எழுதுவதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சேவைக்காலம் தொடர்ந்தால் நல்லவரோடு மோசமானவரும் புது நிறுவனத்தின் கழுத்தில் தொங்குவார், செலவும் ஏறும் என்பார்கள். செலவு ஏறும், மறுப்பதற்கில்லை. அந்தத் தொகை இப்போது தொழிலாளியின் விடுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது, அதைக் கணக்கில் காட்டச் சொல்வதுதான் இது. மோசமானவர் தொங்குவது பற்றிய அச்சத்துக்கு 1987இன் மூன்று படிகளே பதில். அவற்றை எடுத்துவைக்க, சூப்பர்வைசர் ஒவ்வொரு ஆளின் வேலையையும் பார்த்து, தேதியிட்டுக் குறித்து, நேரில் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டில் ஆள் மாறிவிடுவார் என்று தெரிந்தால் எந்த நிறுவனமும் அதற்குச் சூப்பர்வைசரைப் பழக்காது. ஆள் தங்குவார் என்று தெரிந்தால் பழக்கியே தீரும்.

எந்தப் பள்ளிக்கு எத்தனை துடைப்பம், எத்தனை லிட்டர் கிருமிநாசினி என்று டெண்டரில் கேட்கத் தெரிந்த அதிகாரிகள், சென்ற குத்தகையில் இங்கே வேலை செய்தவர்கள் யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆண்டு அனுபவம் என்ற பட்டியலையும் கேட்கலாம். அந்தப் பட்டியல் இன்று எந்த அலுவலகத்தின் பொறுப்பிலும் இல்லை.