தணிதல் என்னும் சொல்



உலக அரசியலிற் பெரிதும் வழங்கும் சொற்களுள் ஒன்று ‘டி-எஸ்கலேஷன்’ என்பது. தமிழில் இதனைப் ‘பதற்றத் தணிப்பு’ என்கின்றோம். சொல்லின் பிறப்பை நோக்கின் பொருள் தெளிவாகும். 1900 ஆம் ஆண்டளவில் ஓட்டிஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் நகரும் படிக்கட்டுக்கு ‘எஸ்கலேட்டர்’ என்று வணிகப் பெயரிட்டது. பகை படிப்படியாக மேலேறுதலைக் குறிக்கும் ‘எஸ்கலேஷன்’ அதன்வழிக் கிளைத்த சொல். 1965 இல் ஹெர்மன் கான் என்னும் அறிஞர் இவ்வேற்றத்தை 44 படிகளாக வகுத்து நூலெழுதினார். ஏறிய படிகளினின்றும் இறங்குதலே ‘டி-எஸ்கலேஷன்’.

ஏறுவதற்குச் சினம் ஒன்றே போதும். இறங்குவதற்கு இரு திறத்தாரும் இசைதல் வேண்டும். இச்சொல் பெருவழக்கிற்கு வருமுன்னரே இச்செயல் நிகழ்ந்தமைக்கு 1962 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சான்று பகரும்.

கியூபாவிற் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதை அமெரிக்க விமானப் படங்கள் காட்டின. கடல்வழியைத் தடுக்க முனைந்த ஜனாதிபதி கென்னடி, ‘முற்றுகை’ என்னும் சொல்லைத் தவிர்த்தார். சர்வதேசச் சட்டத்தில் அது போர்ச்செயலாகும். நோய் பரவாது தடுத்தலைக் குறிக்கும் ‘குவாரண்டைன்’ என்னும் சொல்லையே 22 ஆந் திகதி ஆண்டார். 27 ஆந் திகதி அமெரிக்க விமானமொன்று கியூபாவின்மேற் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். அன்றும் அவர் பதிலடிக்கு ஆணையிடவில்லை. மறுநாட் குருஷேவ், ஏவுகணைகளை மீட்டுக்கொள்ளும் தம் முடிவை மொஸ்கோ வானொலி வாயிலாகவே அறிவித்தார். காலதாமதம் பேரழிவாகலாம் என்னும் அச்சம் அத்துணை பெரிது.

கென்னடியும் வாளா இருந்தாரல்லர். கியூபாமீது படையெடுப்பதில்லை என வெளிப்படையாகவும், துருக்கியிலுள்ள தம் ஏவுகணைகளை அகற்றுவதாக மறைவாகவும் வாக்களித்தார். 1963 ஏப்பிரலில் அவை அகற்றப்பட்டன. வெற்றி முழக்கம் செய்யலாகாதெனவும் தம்மவரைப் பணித்தார். எதிரி கால் ஊன்றி இறங்க ஒரு படியை விட்டுவைத்தமையே இதன் நுட்பம்.

இது சமாதானமன்று, பனிப்போர் பின்னரும் பல ஆண்டுகள் நீடித்தது. எனினும் 1963 ஜூனில் மொஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே நேரடிச் செய்தித் தொடர்புக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஓகஸ்டில் அணுகுண்டுப் பரிசோதனைகளை வரையறுக்கும் ஒப்பந்தமும் கைச்சாத்திடப்பட்டது.

சினம் தணிந்தது, தீத் தணிந்தது, காய்ச்சல் தணிந்தது என்கின்றோம். தணிந்த காய்ச்சல் மீளவும் ஏறலாம். ஆயினும் மருந்து ஊட்டுதற்குரிய வேளையும் அதுவே. தணிதல் தோல்வியன்று, அறிவு தன் பணியைத் தொடங்குவதற்குக் கிடைக்கும் அவகாசமாகும்.