ஒஸ்லோ உடன்படிக்கையும் ஒத்திவைக்கப்பட்ட கேள்விகளும்

1993 செப்டெம்பர் 13இல் வெள்ளை மாளிகை முற்றத்தில் யாஸிர் அரபாத்தும் இட்ஸாக் ரபீனும் கைலாகு கொடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான்கு நாட்களுக்கு முன் பரிமாறப்பட்ட கடிதங்களைப் பார்த்தவர் சிலரே. இஸ்ரேல் நிலைத்திருக்கும் உரிமையை அரபாத் ஏற்றார். ரபீனோ பலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் பிரதிநிதியாக மாத்திரமே ஏற்றார். தனிநாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பைத்துல் முகத்தஸ், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள் யாவும் பிற்போடப்பட்டன. உடன்படிக்கையை வெறுத்தோர் இரு தரப்பிலும் இருந்தனர். 1995இல் ரபீனைச் சுட்டுக் கொன்றவன் ஒரு யூதனே. மேற்குக் கரையில் 1993இல் ஏறத்தாழ 1,10,000 ஆக இருந்த குடியேற்றவாசிகள், 2000இல் கேம்ப் டேவிட் பேச்சு முறிந்தபோது இரண்டு இலட்சத்தை அண்மித்திருந்தனர்.

இனியொரு சமாதானப் பேச்சு பற்றிக் கேள்வியுற்றால், குடியேற்றத்தை நிறுத்த உடன்பட்டார்களா என்பதையே முதலில் தேடிப் பாருங்கள். 1993ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் அவ்வாசகம் இருக்கவில்லை.